எஸ்எஸ்டி மாட்டியாச்சு... ஆனால் மடிக்கணினி ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?

பழைய மடிக்கணினி. விசையை அழுத்திவிட்டுப் போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தாலும் திரை தயாராகியிருக்காது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சிம் லிம் ஸ்குவேரில் ஓர் எஸ்எஸ்டி வாங்கினீர்கள். காணொளி ஒன்றைப் பார்த்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தீர்கள். 100 விழுக்காடு முடிந்தது என்று மென்பொருளும் சொன்னது. புதியதை உள்ளே மாட்டி விசையை அழுத்தினால்... கறுப்புத் திரை. "நோ பூட்டபிள் டிவைஸ்."

"ஐயோ, எல்லாம் போச்சா?"

போகவில்லை. பெரும்பாலும் உங்கள் கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும். கணினிக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: பழைய டிஸ்க்கை இப்போது அழிக்காதீர்கள். உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணி, குடும்பப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த நேரத்தில் இருக்கும் ஒரே உறுதியான பிரதி அதுதான்.

மடிக்கணினி எப்படி எழுகிறது?

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள். பழைய கணினிகளில் அது பயாஸ். புதியவற்றில் யூஇஎஃப்ஐ.

விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று அது தேடும். யூஇஎஃப்ஐ முறையில் அந்தக் கோப்பு சி டிரைவில் இருக்காது. இஎஃப்ஐ என்ற சிறிய தனிப் பகுதியில் இருக்கும். அது சாதாரணமாக உங்கள் கண்ணில் படாது.

வீவக வீடு மாறியதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் புது வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் முகவரியை மாற்றவில்லை. கடிதங்கள் இன்னும் பழைய வீட்டுக்கே போகின்றன.

எங்கே தவறு நடக்கிறது?

- சி டிரைவை மட்டும் குளோன் செய்வது. இஎஃப்ஐ பகுதி விட்டுப்போகும். கோப்புகள் இருக்கும். தொடங்கிவைக்க ஆள் இருக்காது.
- இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டி வைப்பது. குளோன் செய்யும்போது டிஸ்க்கின் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகலாம். ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும். சில நேரம் கணினி பழையதிலிருந்தே தொடங்கும். புதியது வேலை செய்கிறது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.
- முறை பொருந்தாதது. பழைய பயாஸ் முறைக்கு எம்பிஆர் அமைப்பு. யூஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி அமைப்பு. இரண்டும் மாறிப்போனால் விண்டோஸ் எழாது.
- தவறான வகை எஸ்எஸ்டி. எம்.2 வடிவ எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் என்விஎம்இக்கு மட்டும் என்று செய்யப்பட்ட இடத்தில் சாட்டா வேலை செய்யாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

இந்த வரிசையிலேயே போங்கள். எளியது முதலில்.

1. பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியை எடுத்த பிறகு செய்யுங்கள். புதிய எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருக்கட்டும்.

2. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். கணினி எழும்போது எஃப்2, டெலீட், எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்த வேண்டும். எது என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அங்கே எஸ்எஸ்டியின் பெயரே இல்லையா? அப்படியென்றால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். சரியாகப் பொருந்தவில்லை, அல்லது வகை தவறு.

3. தொடங்கும் வரிசையைச் சரிபாருங்கள். எஸ்எஸ்டி தெரிந்தால், 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியை மேலே கொண்டுவந்து சேமியுங்கள். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

4. முறையைப் பொருத்துங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் அமைப்பில் இருந்திருந்தால் குளோனும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பயாஸில் 'லெகசி' முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் பல மடிக்கணினிகளில் இது கைகொடுக்காது. ஜிபிடிக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான கருவி விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிறது. பெயர் எம்பிஆர்2ஜிபிடி.

5. யூஎஸ்பி மூலம் பழுதுபாருங்கள். குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பி ஒன்றில், வேறொரு கணினியைக் கொண்டு விண்டோஸ் நிறுவும் கோப்பை ஏற்றுங்கள். அதிலிருந்து தொடங்கி, 'ரிப்பேர்' தெரிவுக்குச் சென்று, 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 'பிசிடிபூட்' என்ற கட்டளை இருக்கிறது. அது தொடங்கிவைக்கும் கோப்புகளை இஎஃப்ஐ பகுதியில் புதிதாக எழுதும். அந்தப் பகுதியே இல்லை என்றால் முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்வதே சுலபம்.

நீலத்திரை வந்தால்?

'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் ஒரு வகையில் நல்ல செய்தி. விண்டோஸ் எழத் தொடங்கிவிட்டது. புதிய எஸ்எஸ்டியுடன் பேசத் தேவையான டிரைவர் மென்பொருள்தான் விழிக்கவில்லை. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறுவோருக்கு இது அதிகம் வரும். ஒருமுறை 'சேஃப் மோட்' முறையில் தொடங்கி, பிறகு வழக்கம்போல் தொடங்கிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

48 இலக்க எண்ணை மறக்காதீங்க

பிட்லாக்கர் பூட்டு போட்ட மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்பை மாற்றினால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லாமல் உள்ளே போக முடியாது. பலரது எண் அவர்களின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன்பே கைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குளோன் செய்வதற்கு முன்பே பிட்லாக்கரை அணைத்துவிட்டால் தலைவலி மிச்சம்.

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 கிடைக்குமா?

அதனால் மட்டும் கிடைக்காது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட செயலி ஆகியவையும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. எனவே வேகத்துக்காக மட்டும் பணம் செலவழிக்கும் முன், உங்கள் மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக...

புதிய எஸ்எஸ்டியில் கணினி எழுந்துவிட்டதா? சந்தோஷம்! ஆனாலும் பழைய டிஸ்க்கை இரண்டு மூன்று வாரமாவது அலமாரியில் வைத்திருங்கள். வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது வேறு, கோப்பு திறப்பது வேறு.

எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, பழையதை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, கோப்புகளைக் கூடுதலாகச் சேமித்துவைக்கப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. நாளை காலை படைப்பு இருந்தால், இன்று இரவு இந்த வேலையில் இறங்காதீர்கள். வார இறுதி வரட்டும்.