பூமிக்குப் பிரேக் போடும் கடல்

கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். அந்த ஊர் வானியலாளர்கள் அதை நேரத்தோடு களிமண் பலகையில் குறித்து வைத்தார்கள். பூமி அன்றைக்கும் இன்றைய வேகத்தில்தான் சுழன்றது என்று வைத்துக் கணக்குப் போட்டால், நிழல் விழும் இடம் பாபிலோனுக்கு ஏறத்தாழ 49 பாகை மேற்கே தள்ளிப் போகிறது. நேரத்தில் சொன்னால் மூன்றேகால் மணி இடிக்கிறது.

பூமியின் சுழற்சி குறைந்துவருவதுதான் காரணம். நூற்றாண்டுக்கு நாளின் நீளம் 2 மில்லிநொடிகூடக் கூடுவதில்லை. ஆனால் தினமும் துளித்துளியாகப் பின்தங்கும் கடிகாரம்போல, இரண்டாயிரம் ஆண்டில் அது மணிக்கணக்காகச் சேர்ந்துவிடுகிறது.

பிரேக் போடுவது கடல். நிலா இழுப்பதால் கடல்நீர் மேடிடுகிறது; இதுதான் ஓதம். நிலா பூமியைச் சுற்றுவதைவிட பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் அதிகம். அதனால் அந்த நீர்மேடு நிலாவுக்கு நேர் கீழே நிற்காமல் சற்று முன்னே நகர்ந்துவிடுகிறது. முந்திய மேட்டை நிலா பின்னுக்கு இழுக்கிறது. பூமி வேகம் இழக்கிறது. மேடும் நிலாவை முன்னோக்கி இழுப்பதால், நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்போலோ வீரர்கள் நிலாவில் விட்டுவந்த கண்ணாடிகள்மீது லேசர் பாய்ச்சி அளந்த கணக்கு இது.

இழந்த ஆற்றல் எங்கே போகிறது? இதைக் கண்டுபிடித்த கதைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். 1919இல் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் ஐரிஷ் கடலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழமில்லாத தரையில் ஓதநீர் உராய்ந்து எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று கணக்கிட்டார். மறு ஆண்டு ஹரால்டு ஜெஃப்ரீஸ் அதை உலகின் ஆழமற்ற கடல்களுக்கெல்லாம் விரித்தார். கதை முடிந்தது என்றே பலகாலம் நினைத்திருந்தார்கள். 2000இல் எக்பர்ட், ரே என்ற ஆய்வாளர்கள் இருவரும், கடல்மட்டத்தை அளந்த டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோளின் அளவுகளை வைத்துப் பார்த்தபோது, கால்வாசிக்கும் மேல் ஆழ்கடலில் கரைவது தெரிந்தது. ஹவாய்த் தீவுகளைத் தாங்கும் மலைத்தொடர் போன்ற கடலடி முகடுகளில் ஓதநீர் மோதி, நீரடுக்குகளுக்குள்ளேயே பெரிய அலைகளை எழுப்புகிறது. மொத்த இழப்பு 3.5 டெராவாட்டுக்குச் சற்றுக் கூடுதல்.

இந்தப் பிரேக் என்றும் ஒரே அழுத்தத்தில் இருந்ததில்லை. இன்றைய வேகத்திலேயே பின்னோக்கிப் போனால், நிலா சுமார் 150 கோடி ஆண்டுக்கு முன்பே பூமியை ஒட்டி இருந்திருக்க வேண்டும். அதன் வயதோ ஏறத்தாழ 450 கோடி. கண்டங்கள் இன்று அமைந்திருக்கும் விதத்தில், வட அட்லாண்டிக் ஓதத்தின் தாளத்தோடு ஒத்து அதிர்கிறது. அதனால் இழப்பு இப்போது வழக்கத்தைவிட அதிகம்.