லைக் போட்டால் காசு... பங்கு பிரிப்பது யார்?

பொங்கலுக்குக் கெடாருக்குப் போயிருந்தேன். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சித்தப்பா மகன் புது லேப்டாப் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஓடி வந்தான்.

"அண்ணா, ஒரு வெப்சைட்ல எழுதினா காசு தர்றாங்களாம். லைக் போட்டவங்களுக்கும் காசாம். முதல்ல பத்தாயிரத்துக்கு அவங்க காயினை வாங்கி வச்சா நிறைய வருமாம். அம்மா தர்றேன்னு சொல்லிட்டாங்க."

சித்தி பால் ஊற்றிச் சேர்த்த பணம் அது. "நீதானப்பா கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே சொல்லு. போடலாமா?" என்று சித்தியும் கேட்டுவிட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க சித்தி" என்றேன். அந்த இரண்டு நாளில் அவர்களுக்கு விளக்கியதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

காசு எங்கிருந்து வருகிறது?

பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டரில் இல்லாமல் பல கம்ப்யூட்டர்களில் அதே பிரதி இருக்கும். ஒருவர் மட்டும் ரகசியமாகத் திருத்திவிட முடியாது.

இந்தப் புத்தகத்தின் மேல் கட்டப்பட்ட சமூக வலைத்தளங்களில் பெயர் பெற்றது ஸ்டீமிட். நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் 2016-ல் தொடங்கினார்கள். யூடியூப் நீளமான வீடியோக்களுக்கு விளம்பர வருமானத்தில் 55 சதவீதத்தைப் படைப்பாளிக்குத் தருகிறது. ஸ்டீமிட்டின் வழி வேறு. ஸ்டீம் என்ற காயின் தினமும் புதிதாக உருவாகும். அதில் ஒரு பகுதி பொதுப் பானையில் விழும். கட்டுரை வெளியாகி 7 நாட்கள் கழித்து, அதற்குக் கிடைத்த ஓட்டுகளைப் பொறுத்துப் பானையிலிருந்து பங்கு கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வருவது ரூபாய் அல்ல, காயின். அதை வாங்க வெளியில் ஒருவர் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு.

எல்லா ஓட்டும் ஒரே எடையா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காயினைப் பூட்டி வைத்திருக்கும் அளவுதான் ஓட்டின் எடை. அதிகம் வைத்திருப்பவர் ஒரு க்ளிக் செய்தால் நூறு பேர் க்ளிக் செய்ததைவிட அதிகமாக விழும்.

"ஆளுக்கு ஒரு ஓட்டு வைக்கலாமே?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இணையத்தில் ஒரே ஆள் ஆயிரம் அக்கவுண்ட் திறக்கலாம். அப்போது ஆயிரம் ஓட்டு அவருடையதாகிவிடும். அதைத் தடுக்கத்தான் காயின் எடை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பானையில் 1,111 காயின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே கட்டுரைகள். முதல் கட்டுரைக்கு ஓட்டு எடை 10, இரண்டாவதற்கு 1.

நேர் விகிதத்தில் பிரித்தால் முதல் கட்டுரைக்கு 1,010, இரண்டாவதற்கு 101. எடையை வர்க்கப்படுத்திப் பிரித்தால் விகிதம் 100-க்கு 1. முதல் கட்டுரைக்கு 1,100, இரண்டாவதற்கு வெறும் 11!

ஸ்டீமிட் ஆரம்பத்தில் வர்க்க முறையில்தான் பிரித்தது. பெரிய கைகள் தொட்ட கட்டுரைகளே பானையை வழித்தன. 2017 ஜூனில் நேர் விகிதத்துக்கு மாற்றினார்கள். நியாயம் வந்ததா? சின்ன ஓட்டுக்கு மதிப்பு வந்தது உண்மை. கூடவே வேறு தொல்லையும் வந்தது. காயின் வைத்திருந்தவர்கள் தங்கள் கட்டுரைக்குத் தாங்களே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். காசு வாங்கிக்கொண்டு ஓட்டு விற்கும் தானியங்கி புரோகிராம்களும் பெருகின.

2019 ஆகஸ்டில் மறுபடியும் விதி மாறியது. முன்பு எழுதியவருக்கு 75, ஓட்டுப் போட்டவர்களுக்கு 25 என்று இருந்த பங்கு பாதிப் பாதி ஆனது. நல்ல எழுத்தைத் தேடி ஓட்டுப் போடுவதே லாபம் என்று ஆகட்டும் என்பது நோக்கம். தகுதி இல்லாத கட்டுரையின் பங்கைக் குறைக்க எதிர் ஓட்டும் தனியாகக் கொடுத்தார்கள். பங்கு பிரிக்கும் சூத்திரத்தை மூன்று வருடத்தில் இரண்டு முறை மாற்ற வேண்டி வந்தது, பாருங்கள்.

போட்டி வந்தால் நியாயம் வருமா?

விழுப்புரம் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டு போயிருக்கிறீர்களா? விலை கேட்க நாலு வியாபாரி வந்தால் நல்ல விலை. ஒரே ஆள் வந்தால் அவர் சொன்னதுதான் விலை. வலைத்தளங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் நமது வாசகர்களும் பழைய பதிவுகளும் ஒரு தளத்தில் மாட்டிக்கொண்டால் இன்னொரு வியாபாரியிடம் போக முடியாது.

பிளாக்செயின் இங்கே ஒரு புது வழியைக் காட்டியது. 2020 பிப்ரவரியில் ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். ஆரம்ப நாட்களிலேயே அந்த நிறுவனம் பெரிய காயின் குவியலைச் சேர்த்து வைத்திருந்தது. அதை ஓட்டுப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். புது முதலாளி என்ன செய்வாரோ என்று பயந்து, கணக்குப் புத்தகத்தை நடத்தும் 'சாட்சிகள்' அந்தக் குவியலை முடக்கினார்கள். மார்ச் 2-ல் பைனான்ஸ், ஹுவோபி, போலோனிக்ஸ் எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த காயினைக் கொண்டு ஓட்டுப் போட்டு அந்தச் சாட்சிகளையே மாற்றின. அதாவது, அடகுக் கடையில் வைத்த நகையை வேறொருவர் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது போல! எதிர்ப்பு கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றன.

எழுதியவர்கள் சும்மா இருக்கவில்லை. மார்ச் 20-ல் புத்தகத்தை முழுதாகப் பிரதி எடுத்து ஹைவ் என்ற தனித் தளம் தொடங்கினார்கள். அக்கவுண்ட், பழைய பதிவுகள் எல்லாம் அங்கேயும் வந்தன. ஸ்டீம் வைத்திருந்த பெரும்பாலானோருக்கு அதே எண்ணிக்கையில் ஹைவ் கிடைத்தது. தகராறுக்குக் காரணமான அந்தக் குவியலுக்குக் கிடையாது.

சாதாரண வலைத்தளத்தில் இது நடக்காது. ஆனால் ஹைவ் போனாலும் ஓட்டின் எடை காயினைப் பொறுத்ததுதான். முதலாளி மாறினார், தராசு மாறவில்லை.

சித்தியின் தராசு

இதை எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பால் சொசைட்டி தேவலாம் போல" என்றார் சித்தி. யோசித்துப் பார்த்தால் சரிதான். அங்கே பாலின் அளவுக்கும் கொழுப்புச் சத்துக்கும் காசு. கூட்டுறவுச் சங்கத் தேர்தலிலோ ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. பாலை அளக்கக் கருவி இருக்கிறது, உறுப்பினரை ஊரே அறியும். எழுத்தின் தரத்தை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை, அக்கவுண்ட்டுக்குப் பின்னால் யார் என்றும் தெரியாது. பிளாக்செயின் தளங்கள் தடுமாறுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

நீங்கள் சேர விரும்பினால்

* முதலில் காயின் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். எழுத மட்டும் செய்யுங்கள்.

* பூட்டிய காயினைத் திரும்ப எடுக்க எத்தனை நாள் என்று பாருங்கள். 2020 தகராறின்போது ஸ்டீமில் அதற்கு 13 வாரம்.

* பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். தொலைத்தால் பேங்க் போல யாரும் புதிதாகத் தர மாட்டார்கள். ஸ்டீம், ஹைவ் இரண்டிலும் பதிவு போட போஸ்டிங் கீ போதும். பணத்தை நகர்த்தும் ஆக்டிவ் கீயைக் கண்ட இடத்தில் டைப் செய்யாதீர்கள்.

* பிளாக்செயினில் ஏறியது அழியாது. வீட்டு முகவரி, போன் நம்பர் வேண்டாம்.

* 2022 ஏப்ரல் 1 முதல் காயின் விற்ற லாபத்துக்கு இந்தியாவில் 30 சதவீத வரி. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

தம்பி கேட்ட வெப்சைட்டில் பங்கு பிரிக்கும் விதி எங்காவது எழுதியிருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து தேடினோம். காயின் வாங்கும் பட்டன் ஆறு இடத்தில் இருந்தது. விதி ஒரு இடத்திலும் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, "வேணாம்மா" என்றான் அவனே. பத்தாயிரம் சித்தியின் பாஸ்புக்கிலேயே இருக்கிறது. தம்பி காயின் எதுவும் வாங்காமல் வேறொரு தளத்தில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறான். இதுவரை நாலு ஓட்டு. அதில் ஒன்று நான் போட்டது!