விழுந்த கைக்கு வேலை கொடுங்கள்!

"ஐயா, இந்தக் கை செத்துப் போச்சு. இதை விட்டுடுங்க. காலை மட்டும் நல்லா நடக்கிற மாதிரி பண்ணிக் கொடுத்தாப் போதும்."

என் எதிரே உட்கார்ந்து இப்படிச் சொன்னவர் ஒரு தையல்காரர். வயது 58. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பியிருந்தார்கள். கால் ஓரளவு தேறி, கம்பு ஊன்றி நடந்தே வந்தார். வலது கை மட்டும் ஒரு துண்டால் சுற்றி மடியில் கிடந்தது.

"நான்தான் சோறு ஊட்டுறேன், சட்டை போட்டு விடுறேன். அவுகளை ஒரு வேலை செய்ய விடுறதில்லை ஐயா" என்றார் மனைவி, பெருமையாக.

துண்டை அவிழ்த்தேன். "விரலை நிமிர்த்துங்க" என்றேன். "வராதுய்யா" என்றார். "வராட்டி போகுது, முயற்சி பண்ணுங்க." கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் ஒரு நெல் அளவு அசைந்தன. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கை சாகவில்லை, வாசகர்களே! வேலை இல்லாமல், தான் ஒரு கை என்பதையே மறந்து கிடந்தது.

கோளாறு கையில் இல்லை

பக்கவாதத்தில் கெட்டுப்போவது கை அல்ல; கைக்கு உத்தரவு போடும் மூளையின் பகுதி. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வலது கை, கால் விழும். செத்த மூளைச் செல்கள் திரும்பி வராது. ஆனால் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். எப்போது? திரும்பத் திரும்ப அந்தக் கையை வைத்து முயலும்போதுதான்.

நடப்பதோ தலைகீழ். முதல் சில வாரம் கையைத் தூக்கிப் பார்ப்பார். வராது. மனம் சோர்ந்து எல்லாவற்றையும் மற்ற கையால் செய்யப் பழகிவிடுவார். பிறகு மூளை தேறினாலும் கையைக் கூப்பிட மறந்துவிடும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் குரங்குகளிடம் கண்டார். உணர்ச்சி நரம்பு துண்டிக்கப்பட்ட கையை அவை பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், அந்தக் கையால் எடுக்க ஆரம்பித்தன!

இதே வழியை மனிதர்களிடம் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2006-ல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் அதில் இருந்தார்கள். நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையாலேயே வேலை வாங்கினார்கள். இரண்டே வாரம்தான். முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் ஒன்று: மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாமாக நிமிர்த்த முடிகிறவர்களுக்கே இது பொருந்தும். வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். நடக்கும்போதும் அடுப்பருகிலும் உறை கூடாது.

அசைவே இல்லையா?

கண்ணாடி இருக்கிறதே! தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவர்களின் 'இல்லாத கை' வலிக்கு அவர் கண்ணாடி வைத்தியம் கண்டார். 1999-ல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதக் கைக்கும் அதைச் சோதித்தார்கள்.

மேஜை மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை நடுவில் நிறுத்துங்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால், நல்ல கை முன்னால். நல்ல கையை மெல்ல மூடித் திறந்தபடி கண்ணாடிக்குள் பாருங்கள். விழுந்த கையே அசைவது போலத் தெரியும். மறைந்திருக்கும் கையையும் அதே மாதிரி அசைக்க முயலுங்கள். தினம் அரை மணி போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மேஜையில் துண்டை விரித்து, விழுந்த கையை அதன்மேல் வைத்து, துடைப்பது போல முன்னும் பின்னும் தள்ளுங்கள். வராவிட்டால் நல்ல கை துணை செய்யட்டும்.

2. பல்லாங்குழியைத் தூசி தட்டி எடுங்கள். புளியங்கொட்டையைப் பொறுக்குவதும் குழியில் ஒவ்வொன்றாகப் போடுவதும் விரலுக்கு அருமையான பயிற்சி. பேரப்பிள்ளை எதிரே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

3. காலி டம்ளரைப் பிடித்து எடுத்து, வைத்து, விடுங்கள். பிடிப்பதைவிட விரலைத் திறந்து விடுவதுதான் கஷ்டம். அதற்கே கூடுதல் பயிற்சி தேவை.

4. துணி மடிப்பது, கீரை ஆய்வது என்று இரண்டு கை வேலைகளைக் கொடுங்கள். தாமதமானாலும் பிடுங்கிச் செய்யாதீர்கள்!

இதெல்லாம் கூடாது

விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். உட்காரும்போதும் கை தொங்கக் கூடாது. தலையணை வைத்துத் தாங்குங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. ஒற்றடத்தை நல்ல கையில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

"எண்ணெய் தடவினா சரியாயிடுமா டாக்டர்?" எல்லோரும் கேட்கும் கேள்வி. சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை. தேர்ந்தவர் இதமாகச் செய்தால் இறுக்கம் தளரும், வலி குறையும். ஆனால் எந்தத் தைலமும் மூளைக்குப் பாடம் சொல்லித் தராது. தொழில் ஆரம்பித்த புதிதில் நானே "எண்ணெய் போட்டு ஓய்வா வைங்க" என்று பலரை அனுப்பியிருக்கிறேன். அது தவறு என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். தைலம் தடவிய கையோடு பயிற்சி வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரை இரண்டையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மறுபடி தாக்கும் அபாயம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் என்னிடம் வராதீர்கள்! 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. நிமிடத்துக்கு நிமிடம் மூளை செத்துக்கொண்டிருக்கும். பிறகு, உடல்நிலை சீரானதும் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இந்தச் சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தையல்காரர் என்ன ஆனார்?

அவர் மனைவியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, நாளையிலிருந்து ஊட்டாதீங்க." அந்த அம்மாவுக்கு அதுதான் கசப்பு மருந்து. முதல் மாதம் தட்டில் பாதி, தரையில் பாதி. "பார்க்கச் சகிக்கலை ஐயா" என்று இரண்டு முறை வந்து அழுதார். பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றேன்.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். ஊசியில் நூல் கோக்க இன்னும் வரவில்லை. இனி வருமா என்பது சந்தேகம்தான். எல்லோருக்கும் எல்லாமே திரும்பிவிடாது. ஆனால் மிஷினில் துணியைத் தள்ளிக் கொடுக்கும் அளவுக்கு வலது கை வந்துவிட்டது.

"இப்ப எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"சோத்தாங்கையாலதான் ஐயா" என்றார் சிரித்துக்கொண்டே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை மடியில் சுருண்டு கிடக்கிறதா? இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒரே ஒரு கவளமானாலும் சரி!