வட்டியைக் கைவிட்ட ஒரு சீனக் களஞ்சியம்

பழைய சீனாவில் விவசாயி கடனாளியாவது பெரும்பாலும் வசந்த காலத்தின் கடைசியில்தான். சென்ற ஆண்டுத் தானியம் தீர்ந்திருக்கும். வயலில் நிற்பதோ பச்சைப் பயிர். இதைப் 'பச்சையும் மஞ்சளும் சந்திக்காத காலம்' என்பார்கள் சீனர்கள். இந்தச் சில மாதங்களைக் கடக்க ஊர்ப் பணக்காரரிடம் தானியம் வாங்கினால், அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக, சில இடங்களில் இரண்டாகக்கூடத் திருப்பித் தர வேண்டும்.

அரசும் ஒருமுறை கடன் கொடுத்துப் பார்த்தது. 1069-இல் அமைச்சர் வாங் அன்ஷி 'பச்சை நாற்றுக் கடன்' திட்டத்தைக் கொண்டுவந்தார். பருவத்துக்கு 20 சதவீத வட்டி. ஆனால் இலக்கை எட்ட வேண்டிய அதிகாரிகள், கடன் தேவைப்படாதவர் தலையிலும் அதைக் கட்டினார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1168-இல், ஃபூஜியன் பகுதியின் சோங்ஆன் வட்டத்தில் பஞ்சம். அங்கே வூஃபூ என்ற ஊரில் வாழ்ந்த அறிஞர் ஜூ ஷீ, மாவட்ட ஆட்சியிடமிருந்து 600 டான் தானியம் பெற்று மக்களுக்குக் கடனாகப் பங்கிட்டார். டான் என்பது அன்றைய தானிய அளவை. அறுவடைக்குப் பின் மக்கள் திருப்பிக் கொடுத்த தானியத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1171-இல் அதற்கென்று களஞ்சியமும் கட்டப்பட்டது.

இங்கும் வட்டி இருந்தது, அதே 20 சதவீதம். விளைச்சல் குறைந்தால் பாதி வட்டி தள்ளுபடி; கடும் பஞ்சம் என்றால் முழுவதும். வட்டி என்றாலே விலகி நிற்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 14 ஆண்டுகளில் அரசின் 600 டானைத் திருப்பிக் கொடுத்த பிறகும் 3,100 டான் கையிருப்பு நின்றது. அத்துடன் வட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு டானுக்கு 3 ஷெங், அதாவது 100-க்கு 3, சேதாரக் கழிவாக மட்டும் பெற்றார்கள். சேமித்த தானியத்தில் எப்படியும் கொஞ்சம் வீணாகுமல்லவா? ஆனாலும் உண்மையான சேதாரம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒரே அளவாகப் பிடித்தது சரியா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. வட்டியில்லாக் கடன் சங்கம் நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்.

வாங் அன்ஷியின் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஜூ ஷீயே எழுதியிருக்கிறார். அங்கே கொடுத்தது காசு, இங்கே தானியம். அது இருந்தது வட்டத் தலைநகரில், இது ஊரில். அதை நடத்தியவர்கள் அதிகாரிகள், இதை நடத்தியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். 1181-இல் அவர் விண்ணப்பித்ததன் பேரில், மற்ற ஊர்களும் விரும்பினால் இம்முறையைப் பின்பற்றலாம் என்று அரசாணை வந்தது.

முறை பரவியது, கூடவே பழைய நோயும் வந்தது. சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் குவாங்டே பகுதியில் இதே களஞ்சியக் கடனின் வட்டி தாங்காமல் மக்கள் தூக்கிட்டுக்கொள்ளும் நிலை. ஜூ ஷீ வகுத்த முறை என்பதால் அதைக் குறைசொல்ல யாருக்கும் துணிவில்லை. அவருடைய வழிவந்த அறிஞரான ஹுவாங் ஜென் அங்கே அதிகாரியாக வந்தபோதுதான் அது மாறியது. அவர் 600 மூ நிலம் வாங்கி, அதன் குத்தகை வருவாயை வட்டியின் இடத்தில் வைத்தார். பஞ்ச ஆண்டில் மட்டுமே கடன், வாங்கியவரிடம் வட்டி கிடையாது என்று விதியையும் மாற்றி எழுதினார்.