சிறையைத் திறந்த கை

காப்பியப் பெண்கள் என்றதும் நம் மேடைகளில் சீதை, பாஞ்சாலி, கண்ணகி என்று மூவர் வந்துவிடுவார்கள். மணிமேகலையின் பெயரை ஒப்புக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரிய அநியாயம் அது. கணவனோ காதலனோ இல்லாமல், தன் செயலாலேயே ஒரு காப்பியம் முழுவதையும் தாங்கி நிற்பவள் அவள்.

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். பாட்டி சித்திராபதி அவளைக் கணிகையர் குலத்தொழிலுக்கு இழுக்கிறாள்; சோழ இளவரசன் உதயகுமரன் துரத்துகிறான். அவளோ மணிபல்லவத் தீவில் பெற்ற, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தோடு புகார் நகருக்குத் திரும்பி, பசித்தவர்களைத் தேடிப் புறப்படுகிறாள்.

பாத்திரத்தில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை. காப்பியத்தை இயற்றிய சாத்தனார் இவளைத் தேர்ந்ததை எண்ணி எண்ணி வியக்கிறேன். ஆதிரையின் கணவன் சாதுவன், ஒரு கணிகையின் வீடே கதியென்று கிடந்து கைப்பொருளை எல்லாம் தொலைத்தவன். பிறகு பொருள் தேடிக் கடலில் போனான். அவன் இறந்தான் என்ற பொய்ச் செய்தி கேட்டு இவள் தீயிலும் இறங்கினாள், தீ சுடவில்லை. கணிகையால் வாழ்வு சிதைந்த அந்தப் பெண்ணின் வாசலில், கணிகை குலத்தில் பிறந்தவள் போய் நிற்கிறாள். ஆதிரை பாத்திரம் நிறைய இடுகிறாள். சாபத்தால் பசித்து அலைந்த காயசண்டிகை என்பவளின் தீராப்பசி அந்தச் சோற்றில்தான் தீர்கிறது. மூன்று பெண்கள், ஒரு பாத்திரம். ஆண் துணை எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

அடுத்து அவள் நுழைவது சிறைச்சாலை. உள்ளே வாடிக் கிடந்தவர்களுக்குச் சோறிடுகிறாள். காவலர் ஓடிப்போய்ச் சொல்ல, மன்னன் அழைத்து, என்ன வேண்டும் என்கிறான். சிறையை அறக்கோட்டமாக்கச் சொல்கிறாள். அரசன் ஆக்குகிறான். தனக்கென்று அவள் எதுவும் கேட்கவில்லை.

பின்னர் அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரன் கொலையுண்டபோது அவளுக்கே சிறை. அவன் தாய் இராசமாதேவி பித்தேற்றும் மருந்து கொடுத்தாள், பட்டினி போட்டு அடைத்தாள். எதற்கும் அவள் அசையவில்லை. கடைசியில் அரசிதான் வணங்கினாள். பிறகு வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்க ஆண் துறவியின் வடிவெடுத்துப் போகிறாள். பெண்ணாகப் போனால் சொல்லித் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலைக் காப்பியத்தைப் பதிப்பித்துக் கொடுத்தார். 30 காதைகளையும் வாசிக்க இப்போது நேரமில்லை என்றால், ஆதிரை வரும் 16ஆம் காதையையும் சிறை வரும் 19ஆம் காதையையுமாவது ஓர் உரையோடு வாசியுங்கள். வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.