உமியும் நீராவியும்

பயனற்ற முயற்சியைச் சுட்ட விரும்பும் தமிழர், உமி குற்றுவதை உவமையாகக் கூறுவது வழக்கம். உமியில் மாந்தர் உண்ணத்தக்கது யாதுமில்லை என்பது மெய்யே. ஆயினும், நெல்லை அவித்துப் புழுங்கலரிசியாக்கும் தீக்கு உணவாவது அவ்வுமியேயாகும். பொலன்னறுவை, அம்பாறை, வவுனியா, கிளிநொச்சி முதலிய நெல் விளையும் பகுதிகளிலுள்ள அரிசி ஆலைகள் பலவற்றில், உமியை எரித்தே நீராவி பெறப்படுகின்றது. அவ்வாறு பிறக்கும் வெப்பத்தில் எத்துணைப் பங்கு நீராவியைச் சென்றடைகின்றது, எத்துணைப் பங்கு புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது என்பது நேயர்கள் சிந்தித்தற்குரியது.

முதலிற் சிறு கணக்கொன்றை நோக்குதல் நன்று. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. எனவே 1,000 கிலோகிராம் நெல்லிலிருந்து 200 கிலோகிராம் உமி கிடைக்கும். உலர்ந்த உமி ஒரு கிலோகிராம் எரியுமிடத்து ஏறக்குறைய 3,000 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். உலை எண்ணெய் ஒரு கிலோகிராம் தருவது 10,000 கிலோகலோரி அளவினது. இனி, 30 பாகை செல்சியசிலுள்ள நீர் ஒரு கிலோகிராமைக் கொதிநிலைக்குக் கொணர 70 கிலோகலோரியும், கொதித்த நீரை ஆவியாக்க மேலும் 540 கிலோகலோரியும் வேண்டும். ஆகவே வெப்பம் சிறிதும் வீணாகாதாயின், ஒரு கிலோ உமி ஏறக்குறைய ஐந்து கிலோ நீராவியைத் தருதல் வேண்டும்.

எந்தக் கொதிகலனும் அவ்வாறு தருவதில்லை. அதன் வினைத்திறன் நூற்றுக்கு 60 ஆயின் மூன்று கிலோவும், நூற்றுக்கு 40 ஆயின் இரண்டு கிலோவுமே கிடைக்கும். அஃதாவது, ஆயிரம் கிலோ நெல்லின் உமியைக்கொண்டு ஓர் ஆலை 600 கிலோ நீராவியைப் பெற, மற்றோர் ஆலை 400 கிலோவோடு நின்றுவிடும். நெல்லை அவிப்பதோடு, வெய்யில் குன்றிய மாதங்களில் அதனை எந்திரத்தில் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். தன் உமியே தனக்குப் போதுமா, அன்றி விறகுக்கும் பணம் கொடுக்க நேருமா என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கின்றது.

வெப்பம் வீணாகும் வழிகளுள் முதலாவது, உமி முற்றும் எரியாமை. உமியை எரித்தல் விறகை எரித்தல் போன்றதன்று. உமியில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை சாம்பல். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா என்னும் மணற்பொருள். தீப்பட்டவுடன் உமியிலுள்ள ஆவிப்பொருள்கள் விரைந்து எரிந்துவிடுகின்றன. எஞ்சும் கரியோ சிலிக்காக் கூட்டினுள் சிறைப்பட்டு, ஒட்சிசன் எளிதில் அணுகாதபடி கிடக்கின்றது. முன்னோர் பல் துலக்கிய உமிக்கரியின் கருமை இக்கரியினாலாயதே. கொதிகலனின் சாம்பற்குழியிலும் அதே கருமை காணப்படின், எரிய வேண்டிய பொருள் எரியாமல் வெளியேறுகின்றது என்பது பொருள். சாம்பல் வெளிறியிருத்தலே நல்லெரிவின் அடையாளம். உமியைக் குவியலாகக் கொட்டாமல், சிறிது சிறிதாக இடைவிடாது இடுதல் வேண்டும். படிக்கட்டுப்போல் அமைந்த அடுப்புத் தட்டில் உமி மெல்லச் சரிந்திறங்குகையில், கீழிருந்து வரும் காற்று அதனூடே புகுந்து எரிக்கும்.

இரண்டாவது வழி புகைபோக்கி. காற்றுக் குறைந்தால் கரும்புகை எழும். நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டும் தோன்றும். காற்று மிகுந்தாலோ, வேண்டாத குளிர்காற்றைச் சூடாக்கி வானத்திற்கு அனுப்பும் வீண்வேலையை அடுப்புச் செய்துகொண்டிருக்கும். அடுப்புக் கதவைத் திறந்தபடி விடுதலால் விளையும் கேடு இதுவே. புகைபோக்கியின் அடியில் ஒரு வெப்பமானி இருப்பின் இவ்விழப்பை நாள்தோறும் அறியலாம். வெளியேறும் புகையின் வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை தணியுந்தோறும் எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிஞ்சும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. அப்புகையைக்கொண்டே கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்கூட்டிச் சூடாக்குதலும் உண்டு. மழையில் நனைந்த உமியோ, தன் ஈரத்தை ஆவியாக்குவதற்கே தன் வெப்பத்தில் ஒரு பகுதியைச் செலவிடும். ஆதலின் உமிக்குவியலுக்கு ஒரு கூரை வேண்டும்.

மூன்றாவது வழி கொதிகலனின் உடலிலேயே உள்ளது. குழாய்களின் தீப்புறத்தில் புகைக்கரியும் சாம்பலும் படிகின்றன. நீர்ப்புறத்தில் உப்புப் படிகின்றது. வரண்ட பிரதேசக் கிணறுகள் பலவற்றின் நீரில் கல்சியமும் மகனீசியமும் மிகுதி. வீட்டுக் கேத்தலின் உட்புறத்தில் வெண்படையாகக் காணப்படுவதும் இதுவே. இப்படை வெப்பத்தைத் தடுப்பதால் எரிபொருள் வீணாகின்றது. அதனினும் பெருங்கேடு, நீரின் குளிர்ச்சியைப் பெறாத உலோகம் மிகையாகச் சூடேறி, வலிமை குன்றி, வெடித்தல் கூடும் என்பதாகும். நீரை மென்னீராக்கி இடுதலும், காலந்தோறும் குழாய்களைத் துப்புரவாக்குதலும் சிக்கனத்திற்கு மட்டுமன்றி உயிர்க்காப்பிற்கும் உரியன. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், நீராவிக் கொதிகலன்கள் தகுதியுடையோராற் சோதிக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது.

நீராவி பிறந்தபின்னும் இழப்பு ஓய்வதில்லை. போர்வையின்றிக் கிடக்கும் குழாய்கள் ஆலையின் காற்றைச் சூடாக்கும். நெல்லை அவிக்கும் நீராவி நெல்லோடு கலந்துவிடும். ஆயின் உலர்த்தும் எந்திரத்தின் குழாய்களில் குளிர்ந்து மீளும் நீர் தூயது, சூடுடையது. அதனை வாய்க்காலில் விடாது மீண்டும் கொதிகலனுக்கே செலுத்துதல் தக்கது.

வினைத்திறனைத் தேடுமிடத்து மறத்தலாகாத வேறொன்றும் உண்டு. மிகையான வெப்பத்தில் உமிச்சாம்பலிலுள்ள சிலிக்கா பளிங்குருவம் பெறும். அத்தகைய நுண்தூசியைச் சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு. 1997ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதனைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. எனவே தீயை அளவோடு நிறுத்துதலும், சாம்பலை நனைத்து அள்ளுதலும், அள்ளுவோர் மூக்கையும் வாயையும் ஏற்ற கவசத்தால் மூடுதலும் இன்றியமையாதன. நாட்கூலிக்கு அடுப்பருகே நிற்கும் தொழிலாளியின் மூச்சை விலையாகக் கொடுத்துப் பெறும் சிக்கனம் சிக்கனமாகாது.

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, இறக்குமதி எண்ணெயை நம்பியிருத்தலின் இடர் யாவர்க்கும் புலனாயிற்று. உமியோ இந்நாட்டு வயல்களில், பெரும்போகமும் சிறுபோகமும் தவறாது தரும் எரிபொருள். செங்கற்சூளையும் கோழிப்பண்ணையும் அதனை நாடுவதால், இன்று அது விலைபோகும் பொருளுமாகும். அதனைக் காக்கப் பெரும் முதல் வேண்டுவதில்லை. சாம்பலின் நிறத்தையும், புகையின் நிறத்தையும், நீர்மட்டக் கண்ணாடியையும் நாள்தோறும் நோக்கிக் குறித்துவைக்கும் ஒருவரும், அவர் குறித்ததைப் படித்துப் பார்க்கும் ஆலை உரிமையாளரும் இருப்பராயின், இவ்விழப்பிற் பெரும்பகுதி நீங்கும்.