மெய்ரியோனித்: மலையும் மன்றமும்

பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே அமைந்தது வேல்ஸ் நாடு. அதன் வடமேற்கில், கார்டிகன் விரிகுடாவை நோக்கிச் சரிந்து கிடக்கும் மலைநாடே மெய்ரியோனித். இங்குச் சமநிலம் அரிது. 893 மீட்டர் உயர்ந்த காடர் இட்ரிஸ் மலையில் ஓர் இரவு துயில்பவன் பித்தனாகவோ கவிஞனாகவோ கண்விழிப்பான் என்பது அந்நாட்டுக் கதை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி மழையை மிகுதியாகப் பொழிகின்றது. ஆதலின் ஆறுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் குறைவில்லை. வேல்ஸின் இயற்கை ஏரிகளுள் பெரியதாகிய பாலா ஏரி இங்கேதான் உள்ளது. சரிவுகளில் செம்மறியாடு வளர்த்தலும், கூரை வேய்வதற்குரிய பலகைக்கல் வெட்டுதலும் மக்களின் தொழில்களாயின.

1284-இல் ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்டின் ஆட்சியில் மெய்ரியோனித் ஒரு கோட்டமாக வகுக்கப்பட்டது. எனினும், மக்கள் தேர்ந்தெடுத்த கோட்ட மன்றம் 1889-இல்தான் தோன்றியது. சாலை, கல்வி முதலிய பொதுப்பணிகள் காலப்போக்கில் அதன் பொறுப்பில் வந்தன. 1974-இல் அக்கோட்டத்தின் பெரும்பகுதி குவினெத் என்னும் பெருங்கோட்டத்தின் ஒரு மாவட்டமாயிற்று. 1996-இல் மாவட்ட மன்றமும் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் புதிய குவினெத் மன்றத்தைச் சேர்ந்தன.

உள்ளாட்சியின் அருமையை இந்நாட்டார் ஓர் இழப்பால் உணர்ந்தனர். பாலா நகருக்கு அருகிலுள்ள டிரவெரின் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் அமைக்க, இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகராண்மை விரும்பியது. அங்கே காப்பெல் கெலின் என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூரார் வேல்ஸ் மொழி பேசுவோர். 1956-இல் அவர்கள் லிவர்பூலுக்கே சென்று, தெருக்களில் ஊர்வலம் நடத்தி முறையிட்டனர். ஆயினும் 1957-இல் பாராளுமன்றம் அத்திட்டத்தைச் சட்டமாக்கியது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவரும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. சட்டம் நிறைவேறியமையால், உள்ளூர் மன்றங்களின் இசைவு தேவைப்படாது போயிற்று. 1965-இல் பள்ளியும் கோவிலும் அஞ்சல் நிலையமும் வீடுகளும் இருந்த இடத்தை நீர் மூடியது.

தன் நகராண்மை முன்னர் செய்த செயலுக்கு 2005-இல் லிவர்பூல் மன்றம் மன்னிப்புக் கோரியது. அதற்கு முன்னரே, 1999-இல், வேல்ஸுக்கெனத் தனிச் சட்டமன்றம் அமைந்திருந்தது.

பெருநகர்க்கு நீர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், ஒரு நிலத்தைப் பற்றி முடிவு செய்யுங்கால் அந்நிலத்தில் வாழ்வோரின் சொல்லும் அவையேற வேண்டும். உள்ளாட்சியின் உயிர் அதுவே.